பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை வரவில்லையா? டிரைவர் வேலையைப் படிப்படியாக முடிக்கும் வழி

வட சென்னையில் பழைய லேப்டாப் இல்லாத தெருவே கிடையாது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது, அண்ணன் வேலைக்குப் போனதும் தம்பி கைக்கு வந்தது, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது என்று ஏதோ ஒன்று பீரோ மேல் தூங்கிக்கொண்டிருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பலரும் அந்த மெஷின்களில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். போட்டு முடித்த அன்றைக்கே அடுத்த கேள்வி வந்துவிடும்: “வைஃபையே காட்டல, டிரைவர் எங்க டவுன்லோட் பண்றது?” டிரைவர் என்பது லேப்டாப்பின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு மென்பொருள்.

வியாசர்பாடியில் என் அத்தை பையனின் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் “வைஃபை கார்டு போயிடுச்சு தம்பி, மாத்தணும், ஆயிரத்து ஐநூறு ஆகும்” என்றார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. லினக்ஸ் நிறுவிய பென்டிரைவில் ஏற்கெனவே இருந்த ஒரு பேக்கேஜை (மென்பொருள் கட்டு) நிறுவினால் போதும், காசே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் சவுண்டுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, டச்பேடுக்கு ஒன்று என்று டிரைவர்களைத் தேடித் தேடிப் போடுவோம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னல் புதுப்பித்தால் அவையும் சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே, ‘எல்லா டிரைவரையும் அப்டேட் செய்வது’ என்று இங்கே ஒரு வேலையே இல்லை. வேலை செய்யாத ஒன்றிரண்டு பாகங்களைக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் சரிசெய்ய வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்கவே கூடாது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. கீழே சொல்வதெல்லாம் அவற்றில் ஒன்றான லினக்ஸ் மின்டை மனதில் வைத்து எழுதியது. இன்னொரு வகையான உபுண்டுவில் மெனு வேறாக இருக்கும் இடங்களில் அதையும் சொல்கிறேன். மெனுப் பெயர்களும் கட்டளைகளும் திரையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும், நான் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சன்னல்) அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் கீழே ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர் மட்டும் போதாது, முழு மாடல் எண்ணையும் எழுதுங்கள். ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள், பழைய மாடல்களில் அதற்கு அடியிலும் ஒட்டியிருப்பார்கள்.

அடுத்து, மெனுவில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ என்று தேடித் திறந்து ‘சிஸ்டம் இன்பர்மேஷன்’ பகுதிக்குப் போங்கள். நீளமான பட்டியல் ஒன்று வரும், பயப்பட வேண்டாம். ‘கிராபிக்ஸ்’, ‘ஆடியோ’, ‘நெட்வொர்க்’ ஆகிய மூன்று தலைப்புகள் மட்டும்தான் நமக்கு வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் பெயருக்கும் பக்கத்தில் ‘டிரைவர்’ என்று போட்டு ஒரு சொல் இருக்கும். அந்த இடத்தில் ‘என்/ஏ’ என்றிருந்தால் அந்தப் பாகத்துக்கு டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். பெயர் வந்திருந்தும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது.

அந்தப் பட்டியலில் சிப் ஐடி என்று நான்கு எழுத்து, நடுவில் முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்தாக ஓர் எண் இருக்கும். அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக 14ஈ4 என்று தொடங்கினால் அது பிராட்காம் கம்பெனியின் சிப். 14ஈ4:4365 என்றால் பிசிஎம்43142, 14ஈ4:4727 என்றால் பிசிஎம்4313, 14ஈ4:4315 என்றால் பிசிஎம்4312. கடைக்காரர் சொல்வதைவிட, பெட்டியில் அச்சடித்திருப்பதைவிட இந்த எண்தான் நம்பகமானது. ஒரே மாடல் லேப்டாப்பிலேயே ஒரு லாட்டில் ஒரு கார்டும் இன்னொரு லாட்டில் வேறு கார்டும் போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரியாகப் போன வழி உங்களுக்குப் பலிக்காமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இதே பட்டியலில் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரியும். உள்ளே இருக்கும் பிராசஸரே 32 பிட் என்றால் மின்ட் 22 ஏறாது. டெபியன் 12 என்ற வேறு வகை லினக்ஸ், அதன் மேல் கட்டிய மின்டின் எல்எம்டிஇ 6 போன்றவற்றில்தான் 32 பிட் பதிப்பு உண்டு. டெபியன் 13இல் 32 பிட் நிறுவியை நிறுத்திவிட்டார்கள்.

2. வைஃபை இல்லாமல் இணையத்துக்கு வழி: போன் கேபிள்

“வைஃபை டிரைவர் இறக்க நெட் வேணும், நெட் வர வைஃபை வேணும்” என்று இங்கேதான் பலரும் முட்டி நிற்கிறார்கள். இதற்கு எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போனில் செட்டிங்ஸ் போய், ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. டெதரிங் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றி டேட்டாவைக் கடத்தாத மலிவுக் கேபிள்கள் ஏராளம்.

டேட்டாக் கணக்கு முக்கியம். புதிதாக லினக்ஸ் போட்ட பிறகு முதல் அப்டேட் ஒரு ஜிபியைச் சுலபமாகத் தாண்டும். ஃபர்ம்வேர் (பாகத்துக்குள்ளேயே ஏறி ஓடும் மென்பொருள்) பேக்கேஜ் ஒன்றே சில நூறு எம்பி வரும், என்விடியா டிரைவரும் அப்படித்தான். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று பேக் போட்டிருப்பவர்கள் ராத்திரி 11 மணிவாக்கில் ஆரம்பியுங்கள். அன்றைய மீதி தீரும் நேரத்தில் 12 மணிக்குப் புது நாள் கணக்கு தொடங்கிவிடும். பகலில் பாதியில் தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, டவுன்லோட் விடியும்வரை நகராது.

இன்னொன்று: ‘சாஃப்ட்வேர் சோர்சஸ்’ திறந்து மிரரை (மென்பொருளை இறக்கும் சர்வர்) இந்தியாவில் இருக்கும் ஒன்றுக்கு மாற்றுங்கள். எது வேகம் என்பதை அந்தச் சன்னலே அளந்து காட்டும்.

3. கரண்ட், பேட்டரி, பின்வாங்கும் வழி

பழைய லேப்டாப் என்றாலே பேட்டரி செத்திருக்கும். சார்ஜர் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். கெர்னல் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெஷின் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் வைத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டு உட்காருங்கள், பராமரிப்பு மின்தடை வழக்கமாகக் காலை 9 முதல் மதியம் 2 வரை இருக்கும். மே மாதம் ராத்திரி எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜ் வரும் தெருவாக இருந்தால் விடியற்காலைதான் நல்லது.

அப்படியும் பாதியில் அணைந்துவிட்டால் லினக்ஸை மறுபடி போட ஓடாதீர்கள். துவக்க மெனுவில் (அதை வரவழைக்கும் வழி 9ஆம் படியில்) ‘ரெகவரி மோட்’ போய், ‘டிபிகேஜி’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் உடைந்த பேக்கேஜ்களை அதுவே ஒட்டிவிடும். பெரும்பாலும் இதுவே போதும்.

வேலை தொடங்கும் முன் ‘டைம்ஷிஃப்ட்’ திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல், எடுங்கள். மின்டோடு சேர்ந்தே வருகிறது. முதல் ஸ்னாப்ஷாட் பத்து ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அரை மணி நேரமும் ஆகலாம், பொறுங்கள். இதில் ஒரு பொறி உண்டு: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாற்றும், உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது. மார்க்‌ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ் ஸ்கேன், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

4. அப்டேட் மேனேஜர்: பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்

அப்டேட் மேனேஜரைத் திறந்து ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தி, வருவதையெல்லாம் நிறுவுங்கள். கெர்னலும் ஃபர்ம்வேரும் இதிலேயே வந்துவிடும். உபுண்டுவில் இதன் பெயர் ‘சாஃப்ட்வேர் அப்டேட்டர்’. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மூடி வைத்துத் திறப்பது ரீஸ்டார்ட் ஆகாது, புதுக் கெர்னல் மறுதுவக்கத்துக்குப் பிறகுதான் வேலைக்கு வரும்.

ரீஸ்டார்ட் ஆனதும் முதல் படியில் எழுதிய பட்டியலை மறுபடி பாருங்கள். ‘என்/ஏ’ என்றிருந்த இடத்தில் பெயர் வந்திருக்கலாம். எல்லாமே வேலை செய்தால் இத்துடன் எழுந்து போய் டீ குடிக்கலாம். மீதிப் படிகள் உங்களுக்கு வேண்டாம்.

5. டிரைவர் மேனேஜர்

மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’ என்று தேடுங்கள். உபுண்டுவில் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ உள்ளே ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற டேப். பாஸ்வேர்டு கேட்டுவிட்டு, கெர்னலுக்கு வெளியிலிருந்து போட வேண்டிய டிரைவர்களை மட்டும் காட்டும். பழைய லேப்டாப்பில் வழக்கமாக வருபவை பிராட்காம் வைஃபை, என்விடியா கிராபிக்ஸ், பிராசஸருக்கான மைக்ரோகோட், அவ்வளவுதான். பட்டியல் காலியாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் மெஷினுக்கு வேண்டியதெல்லாம் கெர்னலிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

‘ரெகமண்டட்’ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து ‘அப்ளை சேஞ்சஸ்’ கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ரீஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டுத் திரை கறுத்துப்போனால் எதனால் என்று தெரியாது.

2012க்குப் பிறகு விண்டோஸ் 8 அல்லது அதற்கு மேல் வைத்து வந்த லேப்டாப் என்றால் ‘செக்யூர் பூட்’ (அங்கீகாரமில்லாத டிரைவரை ஏற விடாத பாதுகாப்பு) இருக்கக்கூடும். அப்போது டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த முறை மெஷின் எழும்போது நீலத் திரை ஒன்று வரும். வைரஸோ என்று பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள். ‘என்ரோல் எம்ஓகே’, ‘கன்டின்யூ’, ‘எஸ்’ என்று போய், வைத்த பாஸ்வேர்டை அடித்தால் முடிந்தது. பத்து விநாடி சும்மா விட்டால் அந்தத் திரை தானாகப் போய்விடும், டிரைவரும் ஏறாது. “போட்டேன், ஆனா வேலை செய்யல” என்று சொல்பவர்களில் பலர் இந்தத் திரையைத் தவறவிட்டவர்கள்தான்.

6. வைஃபை

பழைய லேப்டாப் விஷயத்தில் பாதிக்கு மேல் இதுதான் தலைவலி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுவிட்சைப் பாருங்கள். பழைய மாடல்களில் முன்பக்க விளிம்பில் ஒரு சின்ன நகரும் பொத்தான் இருக்கும், இல்லாவிட்டால் விசைப்பலகையில் ஆன்டெனா படம் போட்ட எஃப் விசை இருக்கும். டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (முதல் சொல் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல்) என்று அடியுங்கள். ‘ஹார்ட் பிளாக்ட்’ என்பதற்கு நேராக ‘எஸ்’ என்றிருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது. எந்த டிரைவர் போட்டாலும் பயனில்லை, பொத்தானை நகர்த்துங்கள். ‘சாஃப்ட் பிளாக்ட்’ மட்டும் ‘எஸ்’ என்றால் ஏரோப்ளேன் மோடு ஆனில் இருக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷின் என்றால், விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிட்டு முழுமையாக ஷட் டவுன் செய்து வாருங்கள். அது கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுப் போவதும் உண்டு.

சுவிட்ச் சரி, இன்னும் வரவில்லை என்றால் சிப் யாருடையது என்று பாருங்கள்.

இன்டெல், ஏதெரோஸ் இரண்டும் தங்கமான பிள்ளைகள். நான்காம் படியிலேயே வந்துவிடும். வராவிட்டால் கார்டு உண்மையிலேயே கழன்றோ கெட்டோ இருக்க வாய்ப்பு உண்டு.

ரியல்டெக்கில் பொதுவாக டிரைவர் ஏறிவிடும், ஆனால் சிக்னல்தான் வராது. ஆர்டிஎல்8723பிஇ என்ற சிப்போடு வந்த பல எச்பி லேப்டாப்களில் ஒரே ஓர் ஆன்டெனா வயர்தான் இருக்கும். டிரைவர் இன்னொரு முனையில் சிக்னலைத் தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் நாலு கோடு, அடுத்த ரூமுக்குப் போனால் ஒன்றுமில்லை என்றால் இதுவாக இருக்கலாம். ‘ஏஎன்டி அண்டர்ஸ்கோர் எஸ்இஎல்’ என்ற அமைப்பை 1 என்றும், அது சரிவராவிட்டால் 2 என்றும் மாற்றினால் சிக்னல் குதித்து ஏறும். சிப் பெயரையும் இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் ஒரு வரிக் கட்டளை கிடைக்கும்.

பிராட்காம்தான் வில்லன். இதற்கு ‘டபிள்யூஎல்’ என்று ஒரு டிரைவர் இருக்கிறது. பிராட்காம் 2015க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பே விடவில்லை. உபுண்டு, டெபியன் ஆட்கள் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் மேனேஜரில் ‘பிசிஎம்டபிள்யூஎல்’ என்று தொடங்கும் பெயரில் வரும். இணையமே இல்லாவிட்டாலும் மின்ட் நிறுவிய அதே பென்டிரைவைச் செருகிவிட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அத்தை பையன் மெஷின் உயிர்பெற்றது இப்படித்தான். ஆகவே நிறுவி முடித்த கையோடு அந்தப் பென்டிரைவை ஃபார்மட் செய்து பாட்டு ஏற்றிவிடாதீர்கள்.

பிசிஎம்4312 போன்ற இன்னும் பழைய சிப்களுக்கு ‘பி43’ என்ற வேறு டிரைவரும் உண்டு. அதன் ஃபர்ம்வேர் நிறுவியை ஏற்றும்போதே அது இணையத்திலிருந்து கோப்பு இறக்கும், ஆகவே போன் கேபிள் செருகியிருக்க வேண்டும். ‘டபிள்யூஎல்’, ‘பி43’ இரண்டையும் ஒரே மெஷினில் போடாதீர்கள். ஒன்று இன்னொன்றை முடக்கும். ஒன்றைப் பார்த்து, சரிவராவிட்டால் நீக்கி, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் மற்றொன்று.

எல்லாம் சரியாகி, வீட்டு ரவுட்டர் தெரிகிறது, ஆனால் போன் ஹாட்ஸ்பாட் மட்டும் பட்டியலில் இல்லையா? போனில் ஹாட்ஸ்பாட் பேண்ட் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், போன் செட்டிங்ஸில் மாற்றுங்கள். அந்த 2.4இலும் வேகம் குறைவு என்று டிரைவரைக் குறை சொல்லும் முன் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் இருபது ரவுட்டர் பெயர் வரிசையாகக் காட்டும், அத்தனையும் அதே சில சேனல்களில் மோதிக்கொண்டிருக்கும்.

7. கிராபிக்ஸ்

இன்டெல் எச்டி கிராபிக்ஸ் என்றால் செய்ய ஒன்றுமே இல்லை. பழைய ஏஎம்டி, ஏடிஐ என்றாலும் கெர்னலில் இருக்கும் ‘ரேடியான்’ டிரைவரே போதும். ‘கேட்டலிஸ்ட்’ என்ற பெயரில் எங்காவது பழைய ஏஎம்டி டிரைவர் கிடைத்தால் இறக்காதீர்கள். அதை உபுண்டு 2016லேயே விலக்கிவிட்டது, இன்றைய கெர்னலில் ஏறாது.

என்விடியாவுக்குத்தான் யோசிக்க வேண்டும். கார்டின் தலைமுறையைப் பொறுத்து டிரைவர் வரிசை மாறும். ஜீஃபோர்ஸ் 400, 500 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 390. கெப்ளர் சிப் கொண்ட 600, 700 வரிசைக்கு 470. அதற்கும் முந்தைய 8000, 9000, 200 வரிசைக்கு 340. இந்த மூன்றுக்குமே என்விடியா ஆதரவை நிறுத்திவிட்டது. உங்கள் டிரைவர் மேனேஜரில் வந்தால் போட்டுப் பாருங்கள். வராவிட்டால், திறந்தமூல ‘நூவோ’ டிரைவரோடு நிம்மதியாக இருங்கள். வேர்டு வேலை, ஆன்லைன் கிளாஸ், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் இதற்கெல்லாம் நூவோ தாராளம்.

என்விடியா தளத்திலிருந்து நேராகக் கோப்பை இறக்கி நிறுவும் வழியைத் தவிருங்கள். அடுத்த கெர்னல் அப்டேட்டோடு திரை கறுத்துவிடும் வாய்ப்பு அதில் அதிகம். ஏற்கெனவே கறுத்துவிட்டதா? ரெகவரி மோடில் நுழைந்து ‘ரெஸ்யூம்’ கொடுங்கள், மங்கலாக ஆனாலும் திரை வரும். அங்கிருந்து டிரைவர் மேனேஜரில் நூவோவுக்கு மாறலாம்.

யூடியூப் திக்கித் திணறுவது பெரும்பாலும் டிரைவர் பிரச்சினையே அல்ல. பத்து வருடத்துக்கு முந்தைய சிப்கள் எச்.264 என்ற பழைய வடிவ வீடியோவைத்தான் கிராபிக்ஸில் கையாளும். யூடியூப் அனுப்புவதோ புது வடிவங்கள். எச்.264ஐ மட்டும் கேட்கும் பிரவுசர் ஆட்-ஆன் ஒன்றைப் போட்டு 480பி வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கப் பேச்சு: எண்ணூர், காசிமேடு, துறைமுகப் பக்கம் வீடு என்றால் விசிறி இருக்கும் இடத்தை ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். கன்டெய்னர் லாரிப் புழுதியும் உப்புக் காற்றும் சேர்ந்து விசிறி இதழ்களில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாமோ டிரைவர் தேடிக்கொண்டிருப்போம்.

8. சவுண்ட், டச்பேட், பிரின்டர்

சவுண்ட் வரவில்லை என்றால் சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் எச்டிஎம்ஐயில் போய் நிற்கிறதா என்று பாருங்கள், பத்துக்கு எட்டு இதுதான். டச்பேடுக்கு அதை ஆன், ஆஃப் செய்யும் எஃப் விசையைப் பாருங்கள். வெப்கேம் தானாக வரும். கைரேகை வாசிப்பானை மறந்துவிடுங்கள், பழைய மாடல்களில் பெரும்பாலும் தேறாது.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் பிரின்டரை மட்டும் கவனியுங்கள். எச்பி லேசர்ஜெட் 1020க்குப் பவர் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் ஃபர்ம்வேரை ஊட்ட வேண்டும். அதற்கு ‘எச்பிலிப்’ மென்பொருளோடு அதன் ‘பிளக்-இன்’னும் வேண்டும். எச்பிலிப் பதிப்பு மாறினால் பிளக்-இன்னையும் மறுபடி போட வேண்டும். அப்டேட் போட்ட மறுநாள் காலை பிரின்ட் வராமல் வாடிக்கையாளர் வரிசையில் நிற்பது இதனால்தான். கேனன் எல்பிபி2900 இன்னும் மோசம், அது ‘கேப்ட்’ என்ற தனி வகை. கடை நடக்கும் மெஷினில் அதை நம்பி லினக்ஸுக்கு மாறாதீர்கள். முதலில் வேறொரு மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

9. கெர்னலை மாற்றும் முன்

“புதுக் கெர்னல் போட்டா வேகமாயிடும்” என்று யாராவது சொல்வார்கள். பழைய லேப்டாப்பில் அப்படி ஒன்றும் நடந்துவிடாது. புதுக் கெர்னல் பெரும்பாலும் புது வன்பொருளுக்கு வேண்டியது. பிராட்காம் ‘டபிள்யூஎல்’, என்விடியா 390 மாதிரி கைவிடப்பட்ட டிரைவர்கள் மிகப் புதிய கெர்னலில் கட்டமைக்க முடியாமல் விழுந்துவிடும். உங்கள் பதிப்போடு வந்த கெர்னல் வரிசையிலேயே இருங்கள், அதற்குள் வரும் பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் போடுங்கள். மின்ட் 21க்கு 2027 வரையும் மின்ட் 22க்கு 2029 வரையும் ஆதரவு உண்டு. எந்தக் கெர்னல்கள் ஏறியிருக்கின்றன என்பதை அப்டேட் மேனேஜரில் ‘வியூ’ மெனுவின் ‘லினக்ஸ் கெர்னல்ஸ்’ காட்டும்.

நன்றாக ஓடிய பழைய கெர்னல் ஒன்றையாவது நீக்காமல் வையுங்கள். புதியது மக்கர் செய்தால் மெஷினை ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யூஈஎஃப்ஐ (புதுவகைத் துவக்க மென்பொருள்) உள்ள மாடல் என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னல் இருக்கும்.

பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் துவக்க மென்பொருள்) அப்டேட்? பேட்டரி செத்த லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடும்.

10. காசு செலவழிக்க வேண்டி வந்தால்

எதுவும் சரிவரவில்லை என்றால் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குங்கள். சுமார் 300 முதல் 600 ரூபாய்க்குள் முடியும். ரிச்சி தெருவுக்குத் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து போவது இப்போது சுலபம். மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பர்மா பஜாரில் இன்னும் குறைவாகக் கேட்பார்கள், ஆனால் உள்ளே என்ன சிப் என்று அங்கே யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

கடையில் பிராண்டைக் கேட்காதீர்கள், சிப்பைக் கேளுங்கள். எம்டி7601யூ, ஏஆர்9271 இரண்டும் கெர்னலிலேயே டிரைவர் உள்ளவை, செருகினால் போதும். ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப் மாறும் கூத்தும் உண்டு: டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் இருந்தது, அடுத்த பதிப்புகளில் ரியல்டெக். பெட்டியில் ‘லினக்ஸ் சப்போர்ட்’ என்று போட்டுக் கூடவே ஒரு சிடி தந்தால் அதை நம்ப வேண்டாம். மின்ட் ஏற்றிய பென்டிரைவைக் கையோடு கொண்டு போய், அங்கேயே லேப்டாப்பில் செருகிப் பார்த்து வாங்குங்கள். பில் கேளுங்கள், மாற்றித் தருவார்களா என்றும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

உள்ளே இருக்கும் கார்டையே மாற்ற நினைத்தால், பழைய இன்டெல் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் எச்பி, லெனோவா மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தான் அறிந்த கார்டுகளை மட்டுமே ஏற்கும். வேறு கார்டைப் போட்டால் மெஷின் எழும்போதே பிழை காட்டி நின்றுவிடும். அந்த மாடல்களுக்கு டாங்கிள்தான் வழி.

11. உதவி கேட்கும்போது

கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன. சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் உண்டு. ஆனால் “வைஃபை வரல, ஹெல்ப் பண்ணுங்க” என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. லேப்டாப் மாடல், மின்ட் பதிப்பு, கெர்னல் எண், சிப் ஐடி, ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ காட்டியது, இதுவரை என்னென்ன போட்டுப் பார்த்தீர்கள் என்ற ஆறையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். திரையைப் போனில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள். சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் சன்னலில் அதற்கென்றே ‘காப்பி’ பொத்தான் இருக்கிறது.